ஃபைபர் சந்தை அறிக்கைகளும் பிள்ளையார்பாளையமும்: ஒரு வாசிப்பு

இந்தியாவின் வீட்டு பிராட்பேண்ட் சந்தை பற்றி வரும் "வளர்ச்சிப் போக்கும் எதிர்காலமும்" வகை அறிக்கைகளைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். முழு அறிக்கைகளை விலை கொடுத்து வாங்க என்னால் ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் சுருக்கங்களும் டிராய் மாதாமாதம் வெளியிடும் அட்டவணைகளும்தான் என் கையில் இருப்பவை. சுருக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே படம். இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலைக்கு ஏறும் ஒரு கோடு, பக்கத்தில் சிஏஜிஆர் இத்தனை சதவீதம். படம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அதில் "ஒரு இணைப்பு" என்று எண்ணப்படுவது என்ன என்பதுதான் என் கேள்வி. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பார்த்தால் அந்தச் சொல் கையில் நிற்க மாட்டேன் என்கிறது.

முதலில் கணக்கு. டிராய் அட்டவணைப்படி ஒயர் வழி பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் 2015 வாக்கில் ஒன்றரைக் கோடி. 2019ல் 1.8 கோடி. அதாவது நாலு வருஷம் கிட்டத்தட்ட படுத்தே கிடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மொபைல் டேட்டா விலையை அடித்து நொறுக்கிய காலம் அது. வீட்டுக்கு ஒயர் இழுக்க யாருக்கும் அவசரம் இல்லை. பிறகு கொரோனா. எல்லாரும் வீட்டில். 2023 மார்ச்சில் 3.3 கோடி, 2024 மார்ச்சில் 4 கோடி. 2020லிருந்து ஐந்து வருடத்துக்குச் சராசரி போட்டால் ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம் வருகிறது. அருமையான கோடு. ஆனால் 2025 மார்ச்சில் பார்த்தால் 4.1 கோடி சொச்சம்தான். கடைசி ஒரு வருடத்தின் வளர்ச்சி மூன்று நாலு சதவீதத்துக்குள் சுருங்கிவிட்டது. ஐந்து வருடச் சராசரியை மட்டும் காட்டும் அறிக்கையில் இந்தச் சுருக்கம் கண்ணில் படவே படாது.

ஏன் சுருங்கியது? பாதி விடை அட்டவணையிலேயே இன்னொரு பத்தியில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ஏர்ஃபைபர் சேவையைத் தொடங்கின. மொட்டைமாடியில் ஒரு பெட்டி, 5ஜி அலையை வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும். தெருவில் கம்பி இழுக்கவேண்டாம். டிராய் இதை ஒயர்லெஸ் பக்கத்தில் வைத்து எண்ணுகிறது. 2025 நடுவில் இது 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாங்கும் குடும்பத்துக்கோ இதுவும் "வீட்டு நெட்"தான். பேரிலேயே ஃபைபர் இருக்கிறது, அவர்கள் என்ன கண்டார்கள்! ஆக அறிக்கை எழுதுகிறவர் இதை வீட்டு பிராட்பேண்டில் சேர்த்தால் சந்தை ஓடுகிறது, சேர்க்காவிட்டால் சந்தை நிற்கிறது. எதில் சேர்த்தேன் என்று சுருக்கத்தின் முதல் பக்கத்தில் சொல்லாத அறிக்கையை நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

இரண்டும் ஒன்றுதானே, எதில் எண்ணினால் என்ன என்று கேட்கலாம். ஒன்றில்லை. ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் இழை விநாடிக்கு 2.5 கிகாபிட் கீழே கொண்டுவருகிறது, 1.25 கிகாபிட் மேலே கொண்டுபோகிறது. அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடும். ஏர்ஃபைபரில் பங்கு போடுவது டவரின் அலைக்கற்றை. அதே டவரில் தெருவில் போகிற அத்தனை செல்போனும் தொங்குகிறது. பட்டம் விடுகிற பையன் படம் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மேலே அனுப்பும் வேகம் வேலைக்கு வேண்டியவருக்கு ஒன்றாகத் தெரியாது.

பிள்ளையார்பாளையத்துக்கு வருகிறேன். கைலாசநாதர் கோயில் பக்கம் இருக்கிற நெசவாளர் பகுதி. நீளமான வீடு, முன்கட்டில் குழித்தறி, பின்னால் குடித்தனம். இங்கே நெட் எதற்கு வேண்டியிருக்கிறது என்று போய்க் கேட்டால் முதலில் வரும் பதில் பிள்ளைகள் படிப்பு, சீரியல், கிரிக்கெட். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால்தான் அடுத்தது வரும். வாட்ஸ்அப் வீடியோவில் சேலை காட்டுவது. பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வாடிக்கையாளருக்கு முந்தியை விரித்து, கோர்வை சேர்ந்த இடத்தைத் திருப்பி, ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டவேண்டும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அரக்கு எது, மெரூன் எது என்று அங்கே தெரியாது. "கலர் வேற மாதிரி இருக்கேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சார். போன்ல பாத்தது ஒண்ணு, கைக்கு வந்தது ஒண்ணாம்" என்றார் ஒருவர். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு திரும்பி வந்து நிற்கிறது. கூலிக்கு நெய்கிறவர் முதலாளியைத் தாண்டி நேரே விற்கப் பார்க்கும் ஒரே சன்னல் அந்தப் போன்தான். அந்தச் சன்னலின் அகலம் அப்லோடு வேகம். நான் படித்த எந்தச் சுருக்கத்திலும் அப்லோடு என்ற சொல் இல்லை.

அப்படியானால் ஃபைபர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, 399 ரூபாய் பிளான் இருக்கிறதே என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் அது 471. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு தினம் ஒன்றரை ஜிபி தரும் மொபைல் பிளானே 28 நாளுக்கு 299. வீட்டில் இரண்டு போன் இருந்தால் 598. கணக்கைத் தாளில் போட்டால் ஃபைபர்தான் மலிவு. அறிக்கைகளும் இந்த இடத்தில் "விலை ஒரு தடையல்ல" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

அங்கேதான் எனக்குச் சண்டை. தடை தொகையில் இல்லை, தேதியில் இருக்கிறது. நெசவுக் கூலி மாதச் சம்பளம் இல்லை. சேலை அறுத்துக் கொடுத்தால் வரும். ஆடியில், மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆர்டர் இறங்கும், பாவு வர நாளாகும். மொபைலில் அந்த மாதம் ரீசார்ஜ் போடாமல் விடலாம், ஒரு போனுக்கு மட்டும் போடலாம், சின்ன பேக் போட்டு ஓட்டலாம். ஒயர் இணைப்பில் விட்டுவிட்டால் ஆள் வந்து பாக்ஸைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். எனக்குத் தெரிந்த கேபிள்காரர் சொன்னது: "ஆடில பத்து பாக்ஸ் திரும்பி வரும். ஆவணில அதே வீட்டுக்கு நானே போய் மாட்டுவேன். கம்பெனி கணக்குல அது புது கனெக்‌ஷன்ணே." இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. புது இணைப்பு என்று எண்ணப்படுவதில் எத்தனை ஆவணி மாத இணைப்பு இருக்கும்? "இந்த மாதம் எத்தனை கூடியது" என்ற நிகரக் கணக்குதான் வெளியே வருகிறது, எத்தனை வந்து எத்தனை போனது என்பது வருவதில்லை.

எதிர்ப்பக்கத் தப்பும் இருக்கிறது. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு வீட்டில் ஃபைபர், மூன்று வீட்டில் பாஸ்வேர்டு. மாதக் காசை மூன்று பேர் பிரித்துக் கொடுக்கிறார்கள். அட்டவணையில் அது ஒன்று. நாட்டில் சுமார் 30 கோடிக் குடும்பம், 4.1 கோடி இணைப்பு, ஆகவே 14 சதவீத வீட்டில்தான் நெட் என்று வகுத்துச் சொல்லும்போது இந்த இரண்டு வீடுகள் "இன்னும் எட்டப்படாத வாய்ப்பு" ஆகிவிடுகின்றன. அவர்கள் எட்டப்பட்டவர்கள், எட்டப்பட்டதற்குத் தனியாகக் காசு கட்டாதவர்கள். சந்தை வளர்ச்சிக் கோடு இவர்களை நம்பித்தான் மேலே ஏறுகிறது.

அரசின் இலக்குகளும் இதே கோட்டில் வரையப்பட்டவைதான். 2012 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 2017க்குள் 17.5 கோடி, 2020க்குள் 60 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்றது. மொத்த எண்ணிக்கை எட்டப்பட்டது, மொபைலால். 2018 கொள்கை உஷாராக "ஒயர் வழி, பாதி வீடுகளுக்கு, 2022க்குள்" என்று குறிப்பிட்டுச் சொன்னது. 15 கோடி வீடு வந்திருக்கவேண்டும். வந்தது 3 கோடி சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய தவறுக்குப் பிறகும் அடுத்த அறிக்கை அதே கோட்டை இன்னும் வலதுபக்கம் தள்ளி வரைகிறது. சீனாவில் 67 கோடி இணைப்பு இருக்கிறது, நமக்கும் வரும் என்று ஒப்பீடு வேறு. அங்கே ஃபைபர் இழுத்தவை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள். இங்கே கடைசி நூறு மீட்டரை இழுப்பவர் மேலே சொன்ன கேபிள்காரர்.

அவர் கதை தனியாக எழுதவேண்டியது. 2011ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது ஆடிப்போனார், பிறகு டிடிஹெச், பிறகு ஓடிடி. டிவி வருமானம் கரைந்த இடத்தில் இப்போது பெரிய கம்பெனிகளின் நெட்டுக்குத் தெருமுனை ஆளாக இருக்கிறார். இபி போஸ்ட்டில் ஒயர் கட்டுவதும், மழையில் அறுந்தால் ஒட்டவைப்பதும், வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் வரும்போது குறுக்கே போகிற ஒயரைக் கழற்றித் தூக்குவதும் அவர்தான். தேர் போன மறுநாள் யார் வீட்டு நெட் முதலில் வரும் என்பதும் அவர் கையில். சேவைத் தரம் என்று அறிக்கை சொல்வது இந்த ஊரில் அவருடைய ஏணியும் ஸ்ப்ளைசிங் மிஷினும்.

செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா என்றால், டிராயே ஒன்று சொல்லியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் பரிந்துரையில், கிராமப்புற வீடுகளின் மாதக் கட்டணத்தில் பாதியை, அதிகபட்சம் 200 ரூபாய் வரை, நேரடியாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. பரிந்துரையாகவே கிடக்கிறது. இது ஏதோ புதுமை மாதிரிப் பேசப்படுவது எனக்கு விளங்கவில்லை. கைத்தறி நெசவாளருக்குத் தமிழ்நாடு அரசு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கொடுத்துவந்தது, 2023ல் அதை 300 ஆக்கியது. கைத்தறி கரண்டில் ஓடாது. தறிமேட்டில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்படுவது அது. அதே தறிமேட்டில் சேலையைக் காட்டும் வெளிச்சத்துக்கு மட்டும் ஏன் சந்தைக் கணக்கு?

ஊருக்கு வெளியே இன்னும் சுவாரசியம். பாரத்நெட் திட்டத்தில் டான்ஃபிநெட் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலையை எடுத்தது. 2020ல் டெண்டர் ரத்தாகி மறுபடி விடப்பட்டதில் வருடங்கள் போயின. வாலாஜாபாத் பக்கம் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை எல்லாம் தறி உள்ள ஊர்கள். திட்டத்தில் ஃபைபர் போய்ச் சேரும் இடம் ஊராட்சி அலுவலகம். அங்கிருந்து தறி வரைக்கும் இழுக்கப்போவது மறுபடியும் ஒரு கேபிள்காரர்தான். நம்ம கேபிள்காரரிடம் இதைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு டிராப் ஒயர், பாக்ஸ் ரெண்டும் யார் காசுண்ணே?" ஆடி மாதம் திரும்பி வரப்போகிற பாக்ஸுக்கு அவர் ஏன் முதல் போடவேண்டும் என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.