தியேட்டருக்குள் யார் இருந்தார்கள்?

நம் ஊரில் ‘தியேட்டர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சினிமாக் கொட்டகை. மற்றொன்று, ‘தியேட்டருக்குள்ளே கொண்டுபோயாச்சு’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினர்கள் கவலையோடு சொல்லிக்கொள்ளும் தியேட்டர். சென்ற பருவத்தில் என் மாணவர் ஒருவர், மருத்துவ வரலாறு பற்றி எதையோ படித்துவிட்டு வந்து, “சார், விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ஆப்பரேஷனைக்கூட டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களாமே?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல இது என்று தோன்றியது.

அந்த மாணவர் சொன்ன சித்திரம் இன்று பல நூல்களிலும் திரைப்படங்களிலும் காணப்படுகிறது. நடுவில் ஒரு மரமேசை. அதன் மேல் அலறும் நோயாளி. கையில் கத்தியுடன் டாக்டர். சுற்றிலும் கைதட்டும் ஊர் ஜனங்கள். அறிவியல் வரலாற்றைச் சுவையாகச் சொல்லவேண்டும் என்ற ஆசையில் எழுதப்பட்ட சித்திரம் இது. சுவையில் குறைவில்லை. உண்மையில்தான் குறை இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ராபர்ட் லிஸ்டன் அக்காலத்தின் மிக வேகமான அறுவை மருத்துவர். மயக்க மருந்து இல்லாத நாட்களில் வேகமே கருணை. அவர் ஒரு காலை வெட்டும்போது உதவியாளரின் விரல்களையும் சேர்த்து வெட்டிவிட்டாராம். அருகில் நின்று பார்த்தவரின் கோட்டையும் கத்தி கிழித்ததாம். நோயாளியும் உதவியாளரும் புண் அழுகி இறக்க, பார்த்தவர் பயத்திலேயே இறந்தாராம். ஓர் ஆப்பரேஷன், மூன்று சாவு! கேட்பவர் மறக்கமாட்டார். ஆனால் லிஸ்டன் காலமானது 1847-இல். இந்தக் கதையைப் பரப்பியதோ ரிச்சர்டு கார்டன் என்ற எழுத்தாளர் 1983-இல் வெளியிட்ட நூல். லிஸ்டன் வாழ்ந்த காலத்துச் சான்று எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. அளவீடு இல்லாத முடிவை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதினால் நாம் மதிப்பெண் தருவோமா?

அப்படியானால் உண்மையில் தியேட்டருக்குள் யார் இருந்தார்கள்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் இச்சொல்லின் மூலத்துக்குக் ‘காணும் இடம்’ என்று பொருள். இத்தாலியின் பதுவா நகரில் 1590-களிலேயே உடற்கூறு கற்பிக்க வட்ட வட்டமாகப் படிகள் அமைத்த கூடம் கட்டப்பட்டது. அதன் வழி வந்ததே மருத்துவமனைத் தியேட்டர். நாடகம் அல்ல, பாடமே அதன் நோக்கம்.

லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் பழைய தியேட்டர் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒரு தேவாலயத்தின் கூரைக்கு அடியில், மூலிகைகள் வைத்திருந்த பரணில், 1822-இல் அது அமைக்கப்பட்டது. 1862-இல் மருத்துவமனை இடம் மாறியபோது மூடப்பட்டு, மறக்கப்பட்டு, 1956-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1962 முதல் அது அருங்காட்சியகம். அதன் அமைப்பில் ஓர் இயற்பியல் பாடமே இருக்கிறது. கூரையில் பெரிய கண்ணாடிச் சாளரம். மின்விளக்கு இல்லாத காலத்தில் சூரியனே விளக்கு. மேசையைச் சுற்றி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக உயரும் படிகள். ஒளி நேர்கோட்டில் செல்வதால், முன்னால் நிற்பவரின் தலையைத் தாண்டிப் பின்னால் நிற்பவரின் பார்வைக்கோடு மேசையை அடையவேண்டும். அதற்காகவே படிகளுக்கு அவ்வளவு செங்குத்தான ஏற்றம்.

அப்படியும் தலைகள் மறைத்தன. ஜான் பிளின்ட் சௌத் என்ற மருத்துவர், லண்டன் தியேட்டர்களில் தாம் மாணவராக இருந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாணவர்கள் பீப்பாயில் அடைத்த மீன்களைப்போல நெருக்கியடித்து நின்றார்களாம். மேசையருகே நிற்பவர்களின் தலை மறைக்கிறது என்று மேலிருந்து ஓயாமல் கூச்சல் எழுமாம். மூச்சுத்திணறிச் சோர்ந்தவர்களை வெளியே தூக்கிச் செல்வதும் உண்டாம். கூட்டமும் கூச்சலும் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் ஊர் ஜனங்கள் அல்ல. பெரும்பாலும் மாணவர்களும் மருத்துவர்களுமே. 1815-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருந்தாளர் தொழிலுக்கு வருவோர் மருத்துவமனையில் பயிற்சி பெறவேண்டும் என்று விதித்தபின் மாணவர் தொகை பெருகியது.

‘டிக்கெட்’ என்பதும் முழுப்பொய் அல்ல. மாணவர்கள் பணம் கட்டி, விரிவுரைக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் அனுமதிச் சீட்டு வாங்கினார்கள். அது நம் கல்லூரிக் கட்டண ரசீதைப் போன்றது. அதைச் சினிமா டிக்கெட்டாக நினைத்ததுதான் பிழை.

சரி, பொதுமக்கள் உள்ளே வரவே இல்லையா? வந்தார்கள். ஆனால் வேறு இரு வழிகளில். அந்த இரண்டையும்தான் சுவைக்காக எழுதுவோர் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வழி அச்சு. விக்டோரியா அரியணை ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1828-இல், லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பிரான்ஸ்பி கூப்பர் என்பவர் ஒரு ஏழைத் தொழிலாளிக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்க முயன்றார். தேர்ந்தவர்கள் சில நிமிடங்களில் முடிக்கும் சிகிச்சை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. மயக்க மருந்து கிடையாது. அந்த மனிதர் அடுத்த நாள் இறந்தார். படிகள் நிறைய நின்றவர்கள் அத்தனை பேரும் இதைப் பார்த்தார்கள். ஆனால் வெளியே சொன்னது, தாமஸ் வேக்லி 1823-இல் தொடங்கிய ‘லான்செட்’ என்ற ஏடு. புகழ்பெற்ற மருத்துவரின் அண்ணன் தம்பி பிள்ளை என்பதால் கிடைத்த பதவி இது என்றும் அது எழுதியது. கூப்பர் அவதூறு வழக்குப் போட்டு 2000 பவுன் கேட்டார். தீர்ப்பு அவருக்குச் சாதகமே; ஆனால் கிடைத்தது 100 பவுன்தான். ஏட்டின் வழியாக நாடு முழுவதும் அந்தத் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டது.

இரண்டாவது வழி உண்மையான வேடிக்கை. 1838-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஜான் எலியட்சன் என்ற பேராசிரியர், ஓக்கி சகோதரிகள் என்ற இரு ஏழைப் பெண் நோயாளிகளை வைத்து ‘மெஸ்மரிசம்’ செய்து காட்டினார். பிரபுக்கள், பார்லிமெண்டு உறுப்பினர்கள், எழுத்தாளர்கள் எல்லாரும் மருத்துவமனைத் தியேட்டருக்கே வந்து பார்த்தார்கள். எலியட்சன் மோசடிக்காரர் அல்லர். ஸ்டெதாஸ்கோப்பை இங்கிலாந்தில் முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர். ஆனால் தம் கண்ணையும் பார்வையாளரின் வியப்பையும் அவர் சான்று என்று நம்பிவிட்டார்.

நிக்கல் உலோகம் மெஸ்மரிச சக்தியைக் கடத்தும், ஈயம் கடத்தாது என்பது அவர் கொள்கை. வேக்லி அவரையும் அப்பெண்களில் ஒருவரையும் தம் வீட்டுக்கு அழைத்தார். பெண் பார்க்கமுடியாதபடி முகத்துக்கு முன் ஓர் அட்டை. நிக்கலை ரகசியமாக அகற்றிவிட்டு ஈயத்தால் மட்டுமே தொட்டார்கள். ‘நிக்கலை அதிகம் வைத்துவிடாதீர்கள்’ என்று ஒருவர் அவள் காதில் விழும்படி சொன்னார். உடனே அவளுக்குப் பலத்த வலிப்பு வந்தது! வேலை செய்தது உலோகம் அல்ல, எதிர்பார்ப்பு. கூட்டங்கூட்டமாக வந்த பிரமுகர்கள் காணாததை ஓர் அட்டையும் இரண்டு உலோகத் துண்டுகளும் காட்டிவிட்டன. மருத்துவமனை மெஸ்மரிசத்துக்குத் தடை விதித்தது. அவ்வாண்டின் இறுதியில் எலியட்சன் பதவி விலகினார்.

இப்போது படிகளில் இடம் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வசதி உள்ளவர்களுக்கு வீட்டிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. இலவச சிகிச்சைக்கு வந்த ஏழையின் உடலே பாடப்புத்தகம் ஆயிற்று. செயின்ட் தாமஸின் அந்தப் பரண் தியேட்டர் பெண் நோயாளிகளுக்கு உரியது. மேசையில் பெண், படிகளில் ஆண்கள் மட்டும். மருத்துவம் படிக்க முன்வந்த பெண்களை 1870 நவம்பரில் எடின்பரோவில் உடற்கூறு தேர்வு மண்டபத்துக்குள் நுழையவிடாமல் ஒரு கூட்டம் வழிமறித்துச் சேறு வீசியது. லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை பெண் மாணவிகளுக்குத் தன் வார்டுகளைத் திறந்துவிட்டது 1877-இல்தான். ‘எல்லாருக்கும் திறந்திருந்த தியேட்டர்’ என்ற சித்திரம் இந்தப் பூட்டிய கதவுகளை மறைத்துவிடுகிறது. அந்தச் சித்திரத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

ஜோசப் லிஸ்டர் 1867-இல் கிருமிநீக்க முறையை வெளியிட்டபின், நெருக்கியடித்த கூட்டமே நோயாளிக்கு ஆபத்து என்பது மெல்ல மெல்ல விளங்கியது. படிகள் மறைந்தன, கதவுகள் மூடின. நோயாளிக்கு அது நன்மையே. எனினும், கதவு மூடிய பின்பும் உள்ளே நடந்ததைப் பதிவு செய்யவும், கேள்வி கேட்கவும், சோதிக்கவும் வழி இருக்கவேண்டும். பார்ப்பது ஒன்று, பார்த்ததைச் சொல்வது இன்னொன்று, சொன்னதைச் சோதிப்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால்தான் அறிவியல்.

கேள்வி கேட்ட மாணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியென்றால் சார், நீங்கள் மேசையில் சோதனை செய்துகாட்டும்போது நாங்கள் கைதட்டுவதும் வேடிக்கைதானே?” என்றார். பதில் சொல்லத் திணறினேன். மறுநாள் காந்தங்களையும் கம்பிச்சுருள்களையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.