காரியை உரித்தது யார்? – 'வாடிவாசல்' நாவலைச் சேரியிலிருந்து வாசித்தல்

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சின்ன நாவல். மொத்தமும் ஒரே ஒரு பிற்பகல், ஒரே ஒரு களம். செல்லாயி கோயில் திருவிழா ஜல்லிக்கட்டு. தன் அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அணைய வந்து நிற்கிறான் பிச்சி. கூட அவன் மச்சான் மருதன். பக்கத்தில் ஊர் நியாயமெல்லாம் தெரிந்த ஒரு கிழவன். மேடையில் பெரியபட்டி ஜமீன்தார். காரி அவருடைய காளை. பிச்சி காரியை அணைந்து ஜெயிக்கிறான், குத்தும் படுகிறான். தோற்ற காளையை ஜமீன்தார் துப்பாக்கியால் சுட்டுவிடுகிறார். கதை அவ்வளவுதான். 1959-இல் எழுத்து பிரசுரமாக வந்த நாளிலிருந்து இன்றுவரை இதை வாசித்தவர்கள் பிரமித்திருக்கிறார்கள். பிரமிக்க வேண்டிய எழுத்துதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. வாடிவாசலுக்குள்ளிருந்து காளை வெளியே வரும் அந்தக் கண நேரத்தைப் பக்கம் பக்கமாக நிறுத்தி வைத்துக் காட்டுகிற கை தமிழில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

என் தகராறு குறியீட்டோடு. காரி எதன் குறியீடு?

வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரியும். காரி ஜமீன்தாரின் கௌரவம். அந்தக் கொம்பில் கட்டியிருப்பது சல்லிக்காசும் துணியும் மட்டுமில்லை, அவருடைய மானமும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறது. காளையைத் தொட்டவன் அவரைத் தொட்டவனாகிறான். களத்தில் குனிந்து கும்பிடுகிற ஒருத்தன், அந்த மாட்டின் திமிலில் தொங்குகிற நேரம் மட்டும் அவருக்குச் சமமாகிறான். அந்தச் சமத்துவத்தைத் தாங்க முடியாமல்தான் துப்பாக்கி வெடிக்கிறது. நல்ல வாசிப்பு. இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். புத்தகம் கைக்கு வரும்போது ஜமீன் காகிதத்தில் செத்துப்போயிருந்தது. ஆக, மேடையில் உட்கார்ந்திருப்பவரே பாதி குறியீடுதான். போய்க்கொண்டிருக்கிற ஓர் அதிகாரம் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது என்றுகூடப் படிக்கலாம்.

செல்லப்பாவின் வாழ்க்கைத் தத்துவமும் இந்த வாசிப்புக்குத் தோதானது. அவர் காந்தியவாதி. விடுதலைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை கைக்காசைப் போட்டு நடத்தினார். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். விருதுகளை வேண்டாமென்று ஒதுக்கியவர். 1998-இல் அவர் செத்த பிறகு, 2001-இல்தான் 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி கொடுத்தார்கள். ரோசக்கார மனுசன். ஆனால் அவர் நம்பிய ரோசம் தன்னை வருத்திக்கொள்கிற ரோசம், அடுத்தவன்மேல் பாய்கிற ரோசமில்லை. 'வாடிவாசல்' கிழவனின் குரலில் பாதி செல்லப்பாவின் குரல் என்றே எனக்குப் படுகிறது. மாடு ரோசப்பட்டாலும் கேடு, மனுசன் ரோசப்பட்டாலும் கேடு என்ற கசப்பு அது. வீரத்தைக் கண் இமைக்காமல் பார்த்து எழுதிவிட்டு, கடைசியில் அந்த வீரத்தின் முகத்தில் வழிகிற ரத்தத்தையும் காட்டிவிடுகிறார். வீர விளையாட்டென்று இன்றைக்கு இந்த நாவலைத் தூக்கிப் பிடிக்கிற ஆட்கள் கடைசிப் பக்கத்தைப் படித்தார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இதுவரை சரி. ஆனால் மதுரையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இளம் தோழர்கள் சிலர் ஒருபடி மேலே போனார்கள். காரி என்பது தலித்தின் குறியீடு என்றார்கள். ஆண்டைக்காக முட்டி மோதுகிறது, ஆண்டையின் கௌரவத்தைத் தன் முதுகில் சுமக்கிறது, உதவாது என்றானதும் கொல்லப்படுகிறது. பண்ணையாளின் கதை இதுதானே என்று கேட்டார்கள். கேட்க உணர்ச்சியாக இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரிக்குப் பேர் இருக்கிறது, பூர்வீகம் இருக்கிறது, அது வரும்போது கூட்டம் ஒதுங்கி வழி விடுகிறது. அதைத் தொடுவதற்கு உயிரைப் பணயம் வைக்கிறார்கள். நம்மைத் தொட்டால் தீட்டு என்றார்கள். காரியைத் தொடுவது பெருமை என்றார்கள். ரெண்டும் எப்படி ஒன்றாகும்? அந்தக் களத்தில் மனுசனைவிட மாட்டுக்கு மேலான இடம். இதை விட்டுவிட்டு, போயும் போயும் நம்மைக் கொண்டுபோய் அந்த மாட்டுக்குள் தேடுவானேன்?

நம் ஆட்களைத் தேட வேண்டிய இடம் வேறு. துப்பாக்கி வெடித்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் போதும். அவ்வளவு பெரிய மாடு செத்துக் கிடக்கிறது. ஜமீன்தார் வீட்டுக்குப் போயிருப்பார், பிச்சியைத் தூக்கிக்கொண்டு மருதன் போயிருப்பான், கூட்டம் கலைந்திருக்கும். காரியை யார் இழுத்தார்கள்?

இந்தச் சமவெளியில் எந்தச் சம்சாரி வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் பதில் தெரியும். சேரிக்கு ஆள் போயிருக்கும். 'ஏலே, மாடு செத்துக் கெடக்கு, வந்து தூக்குங்கடா' என்று தெருமுனையில் நின்றே சத்தம் கொடுத்திருப்பான். எங்கள் தாத்தா அப்படி அழைக்கப்பட்டவர். வைகைக்கு வடக்கே ஓர் ஊர், பேர் இங்கே வேண்டாம். மாட்டின் நாலு காலையும் சேர்த்துக் கட்டி, நடுவே கம்பு விட்டு, நாலு பேர் தோள் கொடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோவார்களாம். வயிற்றில் ஒரே கோடாகக் கீறித் தோலில் ஓட்டை விழாமல் உரிக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் விலை போகாது. உரித்த தோலுக்கு உப்புத் தடவிக் காயப்போட்டு, ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறவைத்துப் பதமாக்கி, அதிலிருந்துதான் கமலைக்குத் தோல் வாலு, ஊராருக்குச் செருப்பு, பறைக்குத் தோல். 'குத்துற மாட்டோட தோலு கெட்டியா இருக்கும்டா, கத்தி லேசுல எறங்காது' என்று தாத்தா சொல்வார். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது களத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தவனுக்குத் திமிலும் கொம்பும். இவருக்கு உள்ளே நரம்பு எப்படி ஓடுகிறது, ஈரல் எங்கே கிடக்கிறது என்பதுவரை தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிற மாட்டை அவர் ஒருநாளும் அணைந்ததில்லை. அந்த ஊரில் அது நடக்காது. களத்தில் அவருடைய இடம் ஓரத்தில், பறையோடு.

அந்தப் பறைக்குத்தான் வருகிறேன். வேப்பமரச் சட்டம், அதில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டிய மாட்டுத் தோல், வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்றிய சத்தம். வாடிவாசலில் நிற்கிற காளையை வெறியேற்றுவதே அந்தச் சத்தம்தான். போன வருசம் செத்த மாட்டின் தோல் இந்த வருசத்து மாட்டை உசுப்பி விடுகிறது. காரியின் தோலும் ஒரு சட்டத்தில் ஏறியிருக்கும். அடுத்த வருசம் செல்லாயி கோயிலில் அதே காரி ஒலித்திருக்கும். இதைவிடப் பெரிய குறியீடு அந்த நாவலுக்குள் இல்லை. செல்லப்பாவின் கதை அதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. வத்தலக்குண்டு மண்ணில் வளர்ந்தவர், ஆதிக்க சாதியின் பேச்சை அச்சு அசலாகக் காதில் வாங்கியவர், மாட்டின் ஒவ்வொரு அசைவையும் கவனித்தவர். அவர் கண் களத்தின் விளிம்பைத் தாண்டவில்லை. இதைத் திறமைக் குறைவென்று சொல்ல மாட்டேன். அக்கிரகாரத்திலிருந்து பார்த்தால் ஊர் தெரிகிறது. சேரி ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

காந்தியத்துக்கும் இதில் பங்குண்டு. இம்சை என்றால் துப்பாக்கி, கொம்பு, ரத்தம் என்றுதான் அது பார்க்கும். சத்தமில்லாமல் வருசக்கணக்காகச் செத்த மாட்டைத் தூக்கச் சொல்வது அதன் கணக்கில் இம்சையாக விழுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாட் மாநாட்டில் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னபோது, பேசியது ரோசத்தைப் பற்றித்தான். பிச்சியின் ரோசமும் அதுவும் வேறு வேறு. பிச்சி அப்பனின் பேரைக் காப்பாற்ற மாட்டைப் பிடிக்கிறான். நம்மவன் பிள்ளையின் பேரைக் காப்பாற்ற மாட்டைத் தொடாமல் விட வேண்டியிருந்தது. அப்படி விட்டதற்கு எத்தனை ஊரில் அடி வாங்கினோம்.

புத்தகம் வந்த ஆண்டை இன்னொரு தடவை பாருங்கள். 1959. அதற்கு ரெண்டு வருசம் முந்தி, 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர்க் கலவரத்தில் சேரிகள் எரிந்தன. சரிக்குச் சரி நிமிர்ந்து நின்றதற்குத்தான் அந்தச் சாவு. அதைச் செல்லப்பா எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் போடவில்லை. ஆனால் ஜமீன்தாரின் ரோசம் மாட்டை மட்டும்தான் சுடும் என்று இந்தப் பக்கத்துத் தலித் ஒருவனால் படிக்க முடியாது. 1997 ஜூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்தவர்களும் வெட்டப்பட்டது இதே மதுரை மாவட்டத்தில்தான். தனித் தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஒரு தலித் நாற்காலியில் உட்கார 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்காலியும் ஒரு திமில்தான். அதைப் பிடித்துத் தொங்குகிறவனை உதறித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் பிள்ளைகள் திரண்டார்கள். சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வும் அது செல்லும் என்றது. நானும் தமுக்கத்துக்குப் போனேன். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள், பறையும் அடித்தார்கள். காளை அங்கே தமிழனின் குறியீடு. அதற்கு ஆறு மாசம் முந்தி, 2016 ஜூலையில், குஜராத்தில் ஊனா என்ற இடத்தில் செத்த மாட்டை உரித்ததற்காக நம்மாட்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அந்த அடிக்குப் பதிலாக அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டார்கள். உயிரோடிருக்கிற மாட்டை வைத்து நடந்த போராட்டம் நமக்குத் தெரியும். செத்த மாட்டை வைத்து நடந்த போராட்டத்தைத் தமுக்கத்தில் ஒருத்தர்கூடப் பேசவில்லை. அதையும் குறியீடு என்றுதான் சொல்வேன்.

இப்போது அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024-இல் திறந்த பெரிய அரங்கம் இருக்கிறது. ஆன்லைனில் பேர் பதிந்து டோக்கன் வாங்கிக் களத்தில் இறங்கலாம். டோக்கனில் சாதி இல்லை. ஆனால் ஊர்க் களத்தில் 'இன்னார் மாடு' என்று மைக்கில் சொல்லும்போது பேருக்குப் பின்னால் வால் ஒட்டிக்கொண்டு வருவதை என் காதால் கேட்டிருக்கிறேன். நம் தெருப் பையன்களும் இன்றைக்குக் காளை வளர்க்கிறார்கள். கடன் வாங்கிப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டுகிறார்கள். அவர்களை வேண்டாம் என்று சொல்ல நான் யார். அவர்கள் மாட்டை அடக்கிவிட்டார்கள் என்று ஊர்க்காரன் ஆத்திரப்பட்ட சண்டைகளும் நடக்கின்றன, அவர்கள் மாடு ஜெயித்துவிட்டது என்று நடந்த சண்டைகளும் உண்டு.

தோழர்களே, 'வாடிவாசலை'ப் படிக்காதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டுக் கிழவனிடமோ கிழவியிடமோ, அவர்கள் காலத்தில் களத்தில் செத்த காளையை யார் தூக்கினார்கள், தோல் எந்த வீட்டுக்குப் போனது, அதற்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பேர் தெரிந்தால் பேரோடு.