வாசித்தால் போதுமா? ஏசர் ஆங்கிலச் சோதனை பற்றி

ஏசர் அறிக்கை வரும்போதெல்லாம் ஒரே சண்டைதான்: நம்ம பிள்ளைங்க மேலே போனாங்களா, கீழே போனாங்களா? தாளில் என்ன கேட்டார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு.

ஆங்கிலத் தாள் ரொம்ப எளிது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சில சொற்கள், நான்கு குட்டி வாக்கியங்கள். நான்கில் இரண்டைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தால் 'வாக்கியம் வாசிப்பவர்' கணக்கில் சேர்ந்துவிடலாம். அப்புறம் வரும் கேள்விதான் எனக்குப் பிடித்தது: இதுக்கு அர்த்தம் என்ன? பதிலைப் பிள்ளை தன் மொழியிலேயே சொல்லலாம்.

2023 அறிக்கை 14 முதல் 18 வயது வரையானவர்களைப் பற்றியது. 28 மாவட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர். விருத்தாசலத்துக்குப் பக்கம்தான். மொத்தத்தில் 57.3 சதவீதம் பேர் ஆங்கில வாக்கியங்களை வாசித்தார்கள். அவர்களிலும் 73.5 சதவீதம் பேருக்குத்தான் பொருள் தெரிந்தது. பெருக்கிப் பாருங்க, நூற்றுக்கு 42 பேர்தான் தேறுகிறார்கள். 57க்கும் 42க்கும் நடுவில் நிற்கும் 15 பேரைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

என் குறை இன்னொன்று. அர்த்தத்தை, வாசித்தவரிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்கிற வீட்டுப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க. மோல்டு, பெயிண்ட், பேக்கிங் எல்லாம் அவள் தினமும் காதில் கேட்கிற சொற்கள். மோல்டு எதுக்குன்னு கேட்டா விளக்கமாகவே சொல்லுவா. அதையே ஆங்கில எழுத்தில் காட்டினால் முழிக்கலாம். இவளுக்கு வேண்டிய உதவி வேறு. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு அர்த்தம் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு வேண்டியது வேறு.

ஏசரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வீடு வீடாகப் போய்ச் சில நிமிஷத்தில் எடுக்கும் கணக்கெடுப்பு அது. ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்க வந்ததல்ல. அந்த அவசரம் வகுப்பறைக்குள் வருவதுதான் சிக்கல். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒரு வாழ்க்கைக் கணக்கில் தவறினால், அவனுக்குக் கணக்கு வரலையா, கேள்வி எழுதியிருக்கிற மொழி புரியலையா? 'அரும்பு' என்ற பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது.

1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே முடிச்சைத்தான் அவிழ்த்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளின் வழக்கு அது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாக ஆகாது என்றது தீர்ப்பு. இப்போது அங்கே பள்ளியில் சேரும்போதே வீட்டு மொழியைக் கேட்கிறார்கள். ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்குக் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வேண்டாம். தவறிய கணக்கை ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். ஒடியா தெரிந்த இன்னொரு பிள்ளை வகுப்பில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கட்டும். அப்புறம் நிலையைக் குறிக்கலாம்.