ஒரு குவார்ட்டர் எத்தனை கோப்பை?

“எவ்வளவு குடிப்பீங்க?” என்று மருத்துவர் கேட்கிறார். “அதிகமில்லை சார், தினம் ஒரு குவார்ட்டர்தான்” என்கிறார் வந்தவர். அந்த ‘ஒன்று’ படிவத்தில் ஒரு கோப்பை என்று ஏறிவிட்டால், மதிப்பீடு அங்கேயே தடம் புரண்டுவிடும்.

குடிநோயைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் வினாப்பட்டியல் ‘ஆடிட்’. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட இதில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை. ஊசி இல்லை, செலவில்லை, சில நிமிடங்களே போதும். பயிற்சி பெற்ற செவிலியரே கேட்கலாம். குடும்பம் சிதையும்வரை காத்திராமல், காய்ச்சலுக்கு வந்தவரிடமே சிக்கலை முளையில் கண்டுகொள்ளலாம். ‘இவன் கெட்டவனா?’ என்ற ஊர்ப்பேச்சை விலக்கி, ‘உடலுக்கும் வாழ்வுக்கும் என்ன நேர்ந்திருக்கிறது?’ என்று கேட்க வைத்தது இதன் பெரிய சாதனை.

ஆனால் ஆடிட்டின் ஒரு கோப்பை என்பது 10 கிராம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. அதாவது ஆறு கோப்பை. தினமும் குவார்ட்டர் குடிப்பவரை ஒரு கோப்பைக்காரராகக் குறித்தால், அளவு பற்றிய முதல் மூன்று கேள்விகளில் அவருக்குக் கிடைப்பது 4 மதிப்பெண். சரியாகக் கணக்கிட்டால் அதுவே 10. கேள்வி நல்லதுதான், நம் ஊர் அளவில் அதைக் கேட்காததுதான் பிழை.

அடுத்த குறை, முழுக்க வாய்மொழியை நம்புவது. வெட்கத்தாலும் வேலை போய்விடும் என்ற பயத்தாலும் மனிதர்கள் குறைத்துச் சொல்வார்கள். குடிக்கும் பெண்களிடம் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ரத்தப் பரிசோதனை துணை நிற்கும், தீர்ப்பு சொல்லாது. கல்லீரல் நொதியான ஜிஜிடியின் அளவு கொழுப்புக் கல்லீரலாலும் சில மாத்திரைகளாலும்கூட உயரும். குடும்பத்தாரின் சொல் மிகவும் உதவும். ஆனால் உரியவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மனைவியிடமும் அண்ணனிடமும் மட்டும் கேட்டு முடிவெடுப்பது விசாரணை ஆகுமே தவிர மதிப்பீடு ஆகாது. முடிவெடுக்கும் திறன் உள்ளவரின் சம்மதத்தை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் வலியுறுத்துகிறது.

உயிரைக் காக்கும் கேள்வி ஒன்று உண்டு: “கடைசியாக எப்போது குடித்தீர்கள்?” “ரெண்டு நாளா தொடவே இல்லை” என்று குடும்பம் மகிழும் நேரம்தான் ஆபத்தான நேரம். நெடுங்காலம் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கம், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, அதையடுத்து மனக்குழப்பம் என்று போய் உயிரே பறிபோகலாம். மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் போடுபவர் இதைத் தவறவிடுவார். நடுங்கும் விரல்களையும் வியர்த்த உள்ளங்கையையும் பார்ப்பவர் தவறவிடமாட்டார்.

முதல் நாள் முடிவே முழு முடிவும் ஆகாது. குடியில் தெரியும் மனச்சோர்வு, நிறுத்திய சில வாரங்களில் தானே விலகலாம். விலகாவிட்டால் அது தனி நோய், தனிச் சிகிச்சை வேண்டும்.

ஆகவே வினாப்பட்டியலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. குவார்ட்டரிலும், அதில் பாதியான கட்டிங்கிலும் கேளுங்கள். முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள், பிறகு அவர் சம்மதத்தோடு குடும்பத்திடம். தெளிந்தபின் மறுபடி மதிப்பிடுங்கள். யாருக்கு உதவி தேவை என்பதை மதிப்பெண் சொல்லும். என்ன உதவி என்பதை அந்த மனிதரிடம் பொறுமையாகக் கேட்டே அறிய வேண்டும். அதற்கான நேரத்தை ஒதுக்காத மருத்துவமனை, படிவத்தை நிரப்பியிருக்கிறதே தவிர நோயாளியை மதிப்பிடவில்லை.