சத்தம் போச்சு, ஈரம் போகல

அமெரிக்க டிராவல் ட்ரெயிலர்களின் தரையைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடுகள் இவை. பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. சில வருடம் ஓடியதும் வாசலருகிலோ அடுப்பு முன்னாலோ கால் வைத்தால் தரை அமுங்கும், கிறீச்சிடும். அதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வைத்தியம்: சத்தம் வரும் இடத்தில் நாலு ஸ்க்ரூ இறக்கு, மேலே ஒரு பிளைவுட் அடி, விரிப்பைப் போட்டு மூடு.

எனக்கு இதோடுதான் சண்டை. தரை எந்த வகை என்று முதலில் கேட்க வேண்டாமா?

மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தரை என்றால் ஸ்க்ரூவுக்கு நியாயம் உண்டு. வண்டி குலுங்கிக் குலுங்கி பழைய ஆணி தளர்ந்திருக்கும், மரம் அதில் உரசிக் கத்தும். சட்டத்தைக் கண்டுபிடித்து இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் நிறைய வண்டிகளில் இருப்பது ஒட்டுத் தரை. மேலும் கீழும் மெல்லிய பலகை, நடுவில் நம்ம ஊர் தெர்மோகோல் மாதிரி நுரை, ஆங்காங்கே அலுமினியக் குழாய். இதன் பலம் பலகையிலும் இல்லை, நுரையிலும் இல்லை. மூன்றையும் ஒன்றாக வேலை செய்யவைக்கும் பசையில் இருக்கிறது. பசை விட்டுப்போனால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக வளையும், தரை தொளதொளக்கும். அங்கே ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்? தெர்மோகோலையா? நீளமான ஸ்க்ரூவாக இருந்தால் தரைக்கு அடியில் போகும் ஒயரையோ தண்ணீர்த் தொட்டியையோ பதம் பார்த்துவிடும், அது தனி வம்பு.

துளைபோட்டு எபாக்சி ஊற்றுவது இதைவிடத் தேவலாம். ஆனால் உள்ளே காய்ந்திருந்தால்தான் அது பிடிக்கும். கூரை ஓரம், ஜன்னல் விளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள மடிப்பு என்று எங்கோ நுழைந்த தண்ணீர் வேறெங்கோ போய்த் தேங்கும். அமுங்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஈரமானியால் சுவரடி ஓரமாகச் சுற்றிப் பார்ப்பது, கூரான கம்பியால் குத்திப் பார்ப்பது, ஒருவர் மேலே நடக்க இன்னொருவர் கீழே படுத்துப் பார்ப்பது எல்லாம் அரைநாள் வேலை. வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஒழுகலை அடைக்காமல், மரம் காயாமல் மேலே பலகை அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம். உளுத்துப்போன பலகையை வெட்டி எடுத்தே ஆகணும்.

எடையைப் பற்றியும் பேச்சே இல்லை. எட்டடிக்கு நாலடி, அரை அங்குல பிளைவுட் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ வரும். நாலு போட்டால் ஒரு ஆள் கூடுதலாக ஏறின கணக்கு. வண்டி எவ்வளவு சரக்கு தாங்கும் என்று ஒட்டியிருக்கும் லேபிளில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 1954இல் வந்த 'தி லாங் லாங் டிரெய்லர்' படத்தில் மனைவி ட்ரெயிலருக்குள் கல்லாகச் சேர்த்து வைத்துக்கொண்டு மலையேறுவார். சிரித்துக்கொண்டே பார்த்தாலும் விஷயம் உண்மை.

இந்த மேல்பூச்சு வைத்தியத்தால் அடிபடுவது பெரும்பாலும் அடுத்து வாங்குபவர். செகண்ட் ஹாண்டில் பார்க்கப் போகிறீர்களா? மற்றதெல்லாம் பழசாக இருக்க, தரைவிரிப்பு மட்டும் புத்தம்புதுசா இருந்தால் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வண்டியைப் பார்த்தது போதும், கிளம்பிவிடலாம்.