வழக்கு எண் 18/9: சிறிய கேமராவின் பார்வை

‘வழக்கு எண் 18/9’ பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் 2012 மே மாதம் வெளிவந்த திரைப்படம். ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் இதனைக் கேனான் 7டி என்னும் புகைப்படக் கேமராவில் படமாக்கினார். 60-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது. செலவைக் குறைத்த படம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. கருவியின் குறை இப்படத்தின் பார்வையாகவே மாறியது என்பது அதைவிட முக்கியமானது.

2009-இல் விற்பனைக்கு வந்த 7டி, வீடியோவை மிகவும் சுருக்கியே பதிவு செய்யும். ஒரே தொடர்ச்சியாகச் சுமார் 12 நிமிடம்தான் பதிவாகும். வேகமாகத் திருப்பினால் நேரான கம்பமும் சாய்ந்து தெரியும். பிரம்மாண்டக் காட்சிகளுக்கு இது பொருந்தாது. ஆனால் கைக்குள் அடங்கும். தெருவில் வைத்தால் கூட்டம் கூடாது. கையேந்தி பவனில் வேலை செய்யும் வேலுவையும் வீட்டுவேலைக்குப் போகும் ஜோதியையும் அருகிருந்து பார்க்க இதுவே போதுமானதாக இருந்தது.

கதை இரண்டு வாக்குமூலங்களாகச் சொல்லப்படுகிறது. முதல் பாதி வேலு சொல்வது. இரண்டாம் பாதி பள்ளி மாணவி ஆர்த்தி சொல்வது. ஆர்த்தியின் கதையில் தினேஷ் என்ற பணக்கார மாணவன் அவளைச் செல்பேசியில் ரகசியமாகப் படம் பிடிக்கிறான். யாரும் கவனிக்காத சிறிய கேமராதான் இயக்குநரின் கையிலும் இருக்கிறது, அவனது கையிலும் இருக்கிறது. ஒன்று பரிவோடு பார்க்கிறது; மற்றொன்று திருடுகிறது. யாரை யார் பார்க்கலாம் என்ற கேள்வியை இப்படம் தன்னை நோக்கியும் கேட்டுக்கொள்கிறது.

1999-இல் வெளிவந்த ‘சைலன்ட் ஹில்’ வீடியோ விளையாட்டையும் இங்கே நினைக்கலாம். தொலைவிலுள்ள கட்டடங்களை வரைந்துகாட்ட அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் திறன் போதவில்லை. அதனால் ஊரையே மூடுபனியால் மறைத்தார்கள். அந்தப் பனியே விளையாட்டின் அச்சமாயிற்று.

எனினும் தட்டுப்பாடு இருந்தாலே கலை பிறந்துவிடும் என்று முடிவுகட்ட முடியாது. இதே இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் 2004-இல் ‘காதல்’ படத்தைப் பிலிமில் எடுத்தார்கள். எளிய மனிதர்கள் மீதான அக்கறை அதிலேயே இருந்தது. அந்த அக்கறை இல்லாதவர்கள் கையில் இத்தகைய கேமரா, பின்னணியை அழகாக மங்கலாக்கும் கருவியாக மட்டுமே நின்றுவிட்டது.

இறுதிப் பகுதியில் படம் சற்று உரக்கப் பேசுகிறது. பணம் வாங்கிய காவல் ஆய்வாளர், ஜோதியின் சிகிச்சைக்கு உதவுவதாகச் சொல்லி, வேலுவைக் குற்றத்தை ஏற்கவைக்கிறார். அந்தக் காட்சியின் வலிமை எழுத்திலிருந்து வருகிறது. படம் எடுக்கத் தொடங்கும் மாணவர்கள் கேமராவின் விலையைக் கேட்பதற்கு முன், அதனால் யாரைப் பார்க்கப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ள இப்படம் நல்ல பாடம்.