மீதியை வெள்ளித்திரையில் காண்க

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது போதும். எனக்கு அந்தக் கம்பெனி அதன் பாட்டுப் புத்தகங்களில்தான் உயிரோடு இருக்கிறது.

திருச்செங்கோட்டுக்காரர் டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய சினிமா கம்பெனி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம் என்பது மட்டக் காகிதத்தில் சில பக்கங்கள், நடுவே இரண்டு கம்பி, அவ்வளவுதான். கதைச்சுருக்கம் எழுதியவர்கள் பெயர் தெரியாத கில்லாடிகள். நாயகியை நடுக்காட்டில் நிறுத்திவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கைகழுவி விடுவார்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இந்தக் கம்பெனி எடுத்ததுதான். அதன் பிரதி இன்று கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் சில நிழற்படங்களும் எஞ்சியிருக்கின்றன. திரை போய்விட்டது, மீதி காகிதத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட காகிதத்தைக் குப்பை என்று நினைக்காத ஒருவர் கோட்டையூரில் இருந்தார். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா. புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்ததற்கு ஒரு கும்பிடு.

இத்தகைய தொகுப்பைப் பக்குவப்படுத்துகிற கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துருவேறிய கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. மடங்கிய கால்களை நிமிர்த்தி, மெல்லிய தகட்டால் நெம்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய தாள் அப்பளமாய் நொறுங்கும். மென்தூரிகையால் நடுமடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டி, கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் மாவுச்சத்துப் பசையும் வைத்து, அமிலமில்லா உறையில் இடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் என் மனசுக்குப் பிடித்த துப்பறியும் வேலை. பல புத்தகங்களில் ஆண்டு இருக்காது. விலையைப் பார்க்க வேண்டும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956 படம். அதன் பாட்டுப் புத்தகத்தில் நயா பைசா விலை இருந்தால், முதல் வெளியீட்டின்போது அச்சானது அல்ல. கடைசிப் பக்க அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் உதவும். பாட்டுக்கு மேல் ராகம், தாளம் போட்டிருந்தால், பெரும்பாலும் பழைய காலத்துச் சரக்கு.

ஸ்கேன் செய்யும்போது பின்னட்டையின் தைல விளம்பரத்தை விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். அந்தப் புத்தகத்தை யார் கையில் எதிர்பார்த்தார்கள் என்பதற்கு அதுதானே சாட்சி?

பழைய புத்தகங்கள் பலவற்றில் பாட்டுக்கு மேல் பாத்திரத்தின் பெயர்தான் இருக்கும், பின்னணிப் பாடகர் இருக்க மாட்டார். நல்ல பட்டியலாளர் பாடகரைக் கண்டுபிடித்தாலும் சதுர அடைப்புக்குள்தான் எழுதுவார். அடைப்புக்குள் இருப்பது அவர் சேர்த்தது, வெளியே இருப்பது புத்தகம் சொன்னது.